அருகிலுள்ள விண்மீன் திரள்களின் மையக் கருந்துளையை எடை போடும் முறை

ஒரு விண்மீன் திரளின் நடுவே இருக்கும் பெருநிறைக் கருந்துளையின் நிறையைக் கண்டறிய இரண்டு அளவுகள் போதும். அதன் ஈர்ப்புக்குள் சுற்றும் ஏதேனும் ஒரு பொருளின் வேகம் ஒன்று. அப்பொருள் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது மற்றொன்று. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் நிறை வந்துவிடும். வேகத்தை வினாடிக்குக் கிலோமீட்டரிலும், ஆரத்தைப் பார்செக்கிலும் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு), நிறையைச் சூரிய நிறையிலும் எழுதினால் அந்த மாறிலியின் மதிப்பு ஏறத்தாழ 0.0043, இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கணக்குகள் அனைத்தையும் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும், ஒரே கருந்துளைக்கு இரண்டு ஆய்வுக் குழுக்கள் இரண்டு மடங்கு வேறுபட்ட நிறைகளைச் சொல்லும் நிலை இத்துறையில் பலமுறை ஏற்பட்டிருக்கிறது. அத்தகைய பிழைகளில் பெரும்பாலானவை தொலைநோக்கியில் பிறப்பதில்லை. எந்தத் திரளைத் தேர்ந்தெடுத்தோம், எதன் வேகத்தை அளந்தோம், அளக்காத எவற்றை ஊகித்துக்கொண்டோம் என்ற மூன்று முடிவுகளில் பிறக்கின்றன.

ஆதிக்கக் கோளத்தைக் கணக்கிடுதல்

வேலையின் முதற்படி, நோக்குவதற்கு முன்பே காகிதத்தில் நடப்பது. விண்மீன் திரள் எவ்வளவு பெரிதானாலும், கருந்துளையின் ஈர்ப்பு மற்ற எல்லாவற்றின் ஈர்ப்பையும் விஞ்சி நிற்கும் பகுதி மிகச் சிறியது. அதை ஆதிக்கக் கோளம் என்கிறோம். கருந்துளையின் நிறையை ஈர்ப்பு மாறிலியால் பெருக்கி, திரளின் நடுப்பகுதி விண்மீன்களது திசைவேகப் பரவலின் (வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவின்) வர்க்கத்தால் வகுத்தால் இதன் ஆரம் கிடைக்கும். நிறையே தெரியாதபோது இதை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வி எழலாம். திசைவேகப் பரவலுக்கும் கருந்துளை நிறைக்கும் இடையே 2000ஆம் ஆண்டில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அறிவித்த தொடர்பு இதற்குக் கைகொடுக்கிறது. பரவல் வினாடிக்கு 200 கிலோமீட்டர் உள்ள திரளில் கருந்துளை 20 முதல் 30 கோடி சூரிய நிறை கொண்டிருக்கும் என்று அத்தொடர்பு சொல்கிறது. தனித்தனித் திரள்கள் இதிலிருந்து இரண்டு மடங்கு விலகுவது சாதாரணம் என்பதால், திட்டமிடுவதற்கு மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும்.

அடுத்து, இந்த ஆரம் வானில் எவ்வளவு கோணத்தை அடைக்கும் என்று பார்க்க வேண்டும். ஒரு மெகாபார்செக் (பத்து லட்சம் பார்செக்) தொலைவில் ஒரு வில்விநாடி (ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு) என்பது 4.85 பார்செக். எம்87 திரள் 16.8 மெகாபார்செக், அதாவது சுமார் 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதன் பரவல் வினாடிக்கு 320 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 650 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளைக்கு ஆதிக்கக் கோளத்தின் ஆரம் சுமார் 265 பார்செக், வானில் மூன்று வில்விநாடிக்கும் அதிகம். இது வசதியான அளவு. மாறாக 20 மெகாபார்செக் தொலைவில், வினாடிக்கு 200 கிலோமீட்டர் பரவலும் 10 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளையும் கொண்ட ஒரு திரளை எடுத்துக்கொண்டால், ஆரம் 11 பார்செக்குக்கும் குறைவு. வானில் அது 0.11 வில்விநாடி. தரையிலுள்ள தொலைநோக்கியில் வளிமண்டலக் கலக்கம் நல்ல இரவிலும் அரை வில்விநாடிக்கு மேல் படத்தை மங்கச் செய்வதால், ஹபிள் தொலைநோக்கி, லேசர் வழிகாட்டி விண்மீனுடன் கூடிய தகவமைப்பு ஒளியியல் (வளிமண்டலக் கலக்கத்தை உடனுக்குடன் சரிசெய்யும் கருவி), ஆல்மா போன்ற நீண்ட அடிக்கோட்டு வானொலி வரிசை ஆகியவற்றில் ஒன்று இல்லாமல் இத்திரளை அணுகுவதில் பயனில்லை. கருவியின் பிரிதிறன், அதாவது அது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணம், ஆதிக்கக் கோளத்தின் ஆரத்தைவிடப் பெரிதாக இருந்தால், கிடைக்கும் எண் கருந்துளையைப் பற்றியதைவிட நம் மாதிரியைப் பற்றியதாகவே இருக்கும்.

எதன் வேகத்தை அளப்பது

நம் பால்வெளியின் மையம் மட்டுமே தனித்தனி விண்மீன்களைப் பின்தொடர இடம் தருகிறது. அங்கே எஸ்2 என்ற விண்மீன் 16.05 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நீள்வட்டத்தைச் சுற்றி முடிக்கிறது. அதன் அரை நெட்டச்சு, அதாவது நீள்வட்டத்தின் நீண்ட விட்டத்தில் பாதி, பூமி–சூரியன் தூரத்தைப் போல் சுமார் 1,035 மடங்கு. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி 1,035இன் முப்படியை 16.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 43 லட்சம் சூரிய நிறை வருகிறது. ராய்ன்ஹார்ட் கென்செல், ஆண்ட்ரியா கெஸ் ஆகியோர் தலைமையிலான இரு குழுக்கள் பல்லாண்டுகள் உழைத்து எட்டிய இந்த முடிவுக்கு 2020ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வேறு திரள்களில் இது இயலாது. அங்கே மையத்திலுள்ள லட்சக்கணக்கான விண்மீன்களின் ஒளி ஒன்றாகக் கலந்தே வருகிறது. அல்லது மையத்தைச் சுற்றும் வாயுவின் ஒளி வருகிறது. இவ்விரண்டில் எதை நம்புவது என்பதைத் திரளின் இயல்பே பெரும்பாலும் முடிவு செய்துவிடும்.

மிகத் தூய்மையான முறை, வாய்ப்பது மிக அரிது: நீர் மேசர். சில திரள்களின் மையத்தைச் சுற்றும் மெல்லிய வட்டில் உள்ள நீர் மூலக்கூறுகள் 22 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மேசர் கதிரை, அதாவது லேசர் போலவே பெருக்கப்பட்ட நுண்ணலைக் கதிரை, வெளிவிடுகின்றன. ஜப்பானின் நோபெயாமா 45 மீட்டர் வானொலித் தொலைநோக்கியில், என்ஜிசி 4258 திரளிலிருந்து வரும் மேசர் கோடுகளில் சில, திரளின் வேகத்திலிருந்து வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்கு முன்னும் பின்னும் விலகியிருப்பது தெரியவந்தது. பின்னர் கண்டம் முழுவதும் பரவிய ஆன்டெனாக்களை இணைக்கும் வரிசையால் அந்தப் புள்ளிகளின் இடங்களை ஒரு மில்லி வில்விநாடிக்கும் நுண்ணிய அளவில் குறித்தபோது, 1995இல் வெளியான முடிவு அனைவரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது: மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக வேகம், ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில், கோள்கள் சூரியனைச் சுற்றும் அதே விதிப்படி குறைந்துகொண்டே வந்தது. சுமார் 0.17 பார்செக் ஆரத்தில் வினாடிக்கு 1,000 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு மேற்சொன்ன கணக்கைப் போடுங்கள்: பத்து லட்சத்தை 0.17ஆல் பெருக்கி 0.0043ஆல் வகுத்தால் சுமார் 4 கோடி சூரிய நிறை. இன்றுவரை ஏற்கப்பட்டிருக்கும் மதிப்பும் அதுவே. வேறு எந்த முறையையும் புதிதாகக் கற்பவர், அதை முதலில் இந்தத் திரளில் செலுத்தி, 4 கோடி வருகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

வாயு வட்டின் மூலம் அளத்தல்

மேசர் இல்லாத திரளில், தூசும் குளிர்ந்த வாயுவும் சேர்ந்த ஒழுங்கான வட்டு மையத்தில் இருக்கிறதா என்று ஹபிள் படங்களில் தேடுங்கள். நீள்வட்டத் திரள்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு இத்தகைய வட்டு அமைகிறது. அப்படி ஒன்று அகப்பட்டால், சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்திலுள்ள ஆல்மா வரிசையால் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறின் 230.5 கிகாஹெர்ட்ஸ் கோட்டை அளக்கலாம். புதிதாக நோக்கு நேரம் கேட்க வேண்டும் என்பதில்லை. ஆல்மா, ஹபிள், ஐரோப்பியத் தென் ஆய்வகம் ஆகியவற்றின் தரவுகள் உரிய காலம் கழிந்ததும் யாரும் இறக்கிக்கொள்ளும்படி காப்பகங்களில் வைக்கப்படுகின்றன.

தரவு ஒரு கனசதுரமாகக் கிடைக்கும். இரு பக்கங்கள் வானிலுள்ள இடம், மூன்றாவது வேகம். வட்டின் நீண்ட அச்சு வழியே அதை வெட்டி, கிடைமட்டத்தில் இடத்தையும் செங்குத்தில் வேகத்தையும் வைத்து வரைந்து பாருங்கள். கருந்துளை தெளிவாகப் பிரித்தறியப்பட்டிருந்தால், மையத்தை நெருங்கும்போது வேகம் ஒரு பக்கம் மேல்நோக்கியும் மறுபக்கம் கீழ்நோக்கியும் கூர்மையாக எழும். அந்த எழுச்சி இல்லாமல் கோடு மையத்தின் ஊடே வெறும் சாய்வாகச் சென்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: மையத்தில் வாயுவே இல்லாத ஓட்டை ஒன்று இருக்கலாம், அல்லது தொலைநோக்கியின் கற்றை (ஒரு புள்ளியைக்கூட அது படத்தில் பரப்பிக் காட்டும் அளவு) அங்குள்ள வேகங்களைக் குழைத்து ஒன்றாக்கியிருக்கலாம். எதுவாயினும், அந்தப் படத்திலிருந்து நிறையை வருவிக்கும் முன் இன்னும் நுண்ணிய தரவு கிடைக்குமா என்று பார்ப்பதே நேர்மை.

எழுச்சி தெரிந்தால் மாதிரி கட்டும் வேலை தொடங்குகிறது. கருந்துளையின் நிறை, விண்மீன்களின் நிறை–ஒளி விகிதம் (ஒரு அளவு ஒளிக்கு எவ்வளவு நிறை என்பது), வட்டின் சாய்வு, அதன் திசை, மையத்தின் இடம், திரளின் வேகம், வாயுவின் கொந்தளிப்பு ஆகியவற்றை மாறிகளாக வைத்து ஒரு செயற்கைக் கனசதுரத்தை உண்டாக்கி, அதைத் தொலைநோக்கியின் கற்றை வடிவத்தால் மங்கச் செய்து, பிறகே உண்மைத் தரவோடு ஒப்பிட வேண்டும். மங்கச் செய்யும் இந்தப் படியை விட்டுவிட்டு, அளந்த வேகங்களுக்கு நேராகக் கோடு பொருத்துவது தொடக்க நிலையினர் விரும்பும் குறுக்குவழி. அது கருந்துளையின் நிறையைக் குறைத்தே காட்டும்.

இம்மாறிகளில் மிக அதிகக் கவனம் பெற வேண்டியது சாய்வு. நாம் காண்பது வேகத்தின் ஒரு கூறு மட்டுமே என்பதால், நிறை சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பினது வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். விளிம்பை நமக்குக் காட்டிக்கொண்டிருக்கும் வட்டில் 70 பாகைக்குப் பதில் 65 பாகை என்று எடுத்தால் நிறை 7 அல்லது 8 விழுக்காடுதான் கூடும். முகத்தைக் காட்டும் வட்டில் 30 பாகைக்குப் பதில் 25 என்று எடுத்தால் 40 விழுக்காடு கூடிவிடும். அதற்காக முழு விளிம்பு வட்டையே தேடிப்போவதும் நல்லதல்ல. அதில் நெட்டச்சில் உள்ள வாயுவும் வட்டின் முன், பின் பகுதி வாயுவும் ஒரே கற்றைக்குள் கலந்துவிடும். இடைப்பட்ட சாய்வே ஏற்றது. என்ஜிசி 3258 திரளில் சாய்வும் பிரிதிறனும் ஒருங்கே வாய்த்ததால், 2019இல் அதன் கருந்துளை சுமார் 225 கோடி சூரிய நிறை என்று, மாதிரியின் பிழை ஒரு விழுக்காட்டை ஒட்டியே அமையும்படி கணக்கிட முடிந்தது. தொலைவு பற்றிய ஐயப்பாடு அதைவிடப் பெரியது என்பது வேறு விஷயம்.

அயனியான சூடான வாயுவையும் இதே வழியில் பயன்படுத்தலாம். ஹபிள் தொடங்கி வைத்ததே அதை வைத்துத்தான். 1994இல் எம்87 மையத்தில் அத்தகைய வாயு வட்டு கண்டறியப்பட்டு, கருந்துளை சுமார் 240 கோடி சூரிய நிறை என்று கணக்கிடப்பட்டது. ஆனால் வாயுவுக்கு ஈர்ப்பு மட்டுமே எசமானன் அல்ல. அதிர்ச்சி அலை, கதிர் அழுத்தம், மையத்திலிருந்து பீறிடும் தாரை, கொந்தளிப்பு எல்லாம் அதைத் தள்ளும். வாயு வட்டப்பாதையில்தான் சுற்றுகிறது என்ற ஊகம் பொய்த்தால் முடிவும் பொய்க்கும். கோடுகள் மையத்தில் எதிர்பார்த்ததைவிட அகன்று காணப்பட்டால் அங்கே வேறு ஏதோ நடக்கிறது என்று பொருள்.

விண்மீன்களின் மூலம் அளத்தல்

விண்மீன்கள் ஈர்ப்புக்கு மட்டுமே கட்டுப்படும். எல்லாத் திரளிலும் இருக்கும். இவ்விரு காரணங்களால் இந்த முறை பரவலாகக் கையாளப்படுகிறது. இதன் விலை, மாதிரியின் சிக்கல்.

நிறமாலையிலிருந்து தொடங்குங்கள். ஒளியியல் பகுதியில் 8,500 ஆங்ஸ்ட்ராம் அருகேயுள்ள கால்சியத்தின் மூன்று கோடுகளும், அகச்சிவப்பில் 2.3 மைக்ரான் அருகே கார்பன் மோனாக்சைடு உண்டாக்கும் பட்டை விளிம்புகளும் இதற்கு ஏற்றவை. தூசு மறைக்கும் மையங்களுக்கும் தகவமைப்பு ஒளியியலுக்கும் பின்னதே பொருந்தும். ஒரு தனிச் செம்பெருவிண்மீனின் நிறமாலையில் அந்தப் பட்டை விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் செங்குத்தாக இறங்கும். திரளின் மையத்திலிருந்து வரும் நிறமாலையில் அதே விளிம்பு சரிவாக வழிந்து இறங்கும். எதிரெதிர்த் திசைகளில் விரையும் விண்மீன்களின் டாப்ளர் பெயர்ச்சிகள் (வேகத்தால் ஒளியின் அலைநீளம் மாறுவது) ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் ஏற்படும் அந்த வழிதலே நமக்கு வேண்டிய அளவு. பல வகை விண்மீன்களின் நிறமாலைகளைக் கலந்து, அந்தக் கலவையைத் தக்க அளவு அகலப்படுத்தித் திரளின் நிறமாலையோடு பொருத்த வேண்டும். மிக்கேலே கப்பெல்லாரியும் எரிக் எம்செல்லெமும் 2004இல் விளக்கிய பிபிஎக்ஸ்எஃப் முறையின் இலவச பைத்தான் நிரல் இதைச் செய்து தரும். சராசரி வேகம், பரவல் ஆகிய இரண்டோடு நிறுத்தாமல், வேகப் பரம்பலின் வடிவம் எவ்வளவு கோணலாக, எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்ற உயர்படி அளவுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவை ஏன் தேவை என்பதை இத்துறையின் பழைய வழக்கு ஒன்று விளக்கும்.

1978இல் எம்87 மையத்தில் ஏறத்தாழ 500 கோடி சூரிய நிறையுள்ள பொருள் இருக்க வேண்டும் என்று ஒரு குழு அறிவித்தது. பரவல் மையத்தை நோக்கி உயர்வதே சான்று. விண்மீன்கள் எல்லாத் திசைகளிலும் சமமாக ஓடுகின்றன என்பது அதன் அடியிலிருந்த ஊகம். விண்மீன்கள் பெரும்பாலும் மையத்தை நோக்கியும் அதிலிருந்து விலகியும் ஓடும் நீண்ட பாதைகளில் இருந்தால், கருந்துளையே இல்லாமலும் அதே உயர்வு தோன்றும் என்று மற்றவர்கள் விரைவிலேயே காட்டினர். கருந்துளை இருப்பதும் சுற்றுப்பாதைகள் ஒரு திசைக்குச் சாய்ந்திருப்பதும் பரவலில் ஒரே தடத்தைப் பதிக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது வேகப் பரம்பலின் வடிவமே.

இதனால், இயன்றவரை ஊகம் குறைந்த மாதிரியான ஷ்வார்ஷில்ட் முறையை நாட வேண்டும். 1979இல் மார்ட்டின் ஷ்வார்ஷில்ட் முன்வைத்த இம்முறையில், முதலில் திரளின் ஒளிப்படத்தை முப்பரிமாண ஒளி அடர்த்தியாக மாற்றி, ஒரு நிறை–ஒளி விகிதத்தால் பெருக்கி, கருந்துளையையும், ஒளிராமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியும் கரும்பொருளையும் சேர்த்து ஈர்ப்புப் புலத்தை அமைக்கிறோம். அந்தப் புலத்தில் ஆயிரக்கணக்கான சுற்றுப்பாதைகளைக் கணினியில் ஓடவிட்டு, எந்தப் பாதைக்கு எவ்வளவு எடை தந்தால் அளந்த ஒளியும் வேகப் பரம்பலும் ஒருங்கே கிடைக்கும் என்று தேடுகிறோம். கருந்துளை நிறையின் ஒவ்வொரு மதிப்புக்கும் இதைத் திரும்பச் செய்து, பொருத்தம் எங்கே சிறந்தது, எவ்வளவு தள்ளிப் போனால் கெடுகிறது என்று பார்க்க வேண்டும். விண்மீன் கூட்டத்தின் சராசரி வேகத்தையும் பரவலையும் ஈர்ப்போடு இணைக்கும் ஜீன்ஸ் சமன்பாடுகளைக் கொண்டு விரைவாக முடிக்கும் மாற்று வழியும் உண்டு. அது முதல் மதிப்பீட்டுக்கும் சரிபார்ப்புக்கும் உதவும். ஆனால் பாதைகளின் சாய்வு பற்றி அது முன்கூட்டியே ஊகித்துக்கொள்கிறது.

கரும்பொருளைச் சேர்க்கச் சொன்னது மேல்பூச்சுக்காக அல்ல. கரும்பொருள் வெளிப்புறத்தில்தானே அதிகம், மையத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று விட்டுவிடத் தோன்றும். விட்டால், வெளிப்புற விண்மீன்களின் வேகத்தை விளக்க மாதிரி நிறை–ஒளி விகிதத்தை உயர்த்திக்கொள்ளும். அதே விகிதம் மையத்துக்கும் செல்லுபடியாவதால் அங்கே விண்மீன்களின் நிறை மிகைப்பட்டு, கருந்துளைக்கு மிஞ்சும் பங்கு குறையும். 2009இல் எம்87 மாதிரியில் கரும்பொருளைச் சேர்த்தபோது கருந்துளையின் நிறை இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்து 640 கோடியானது. 2011இல் ஜெமினித் தொலைநோக்கியின் தகவமைப்பு ஒளியியல் தரவு 660 கோடி என்றது. 2013இல் ஹபிளின் புதிய வாயுத் தரவோ 350 கோடி என்றது. இரண்டும் கவனமாகச் செய்யப்பட்ட வேலைகள். இரண்டின் பிழைக்கோடுகளும் ஒன்றையொன்று தொடவில்லை.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது மூன்றாவது ஒரு முறை. 2019இல், உலகின் பல வானொலித் தொலைநோக்கிகளை இணைத்த நிகழ்வெல்லைத் தொலைநோக்கிக் குழு எம்87 கருந்துளையைச் சுற்றிய ஒளி வளையத்தின் விட்டத்தை 42 மைக்ரோ வில்விநாடி என்று அளந்து, நிறை 650 கோடி என்று கணித்தது. விண்மீன்கள் பக்கம் தராசு சாய்ந்தது. ஆயினும் விண்மீன்கள் எப்போதும் வெல்லும் என்று கொள்ள வேண்டாம். என்ஜிசி 1332 திரளில் விண்மீன்கள் 145 கோடி என்று சொன்ன இடத்தில், ஆல்மாவின் குளிர்வாயு 2016இல் 66 கோடி என்று சொல்லியது. ஒழுங்காகச் சுழலும் குளிர்வாயு வட்டை நன்கு பிரித்தறிய முடிந்தால் அதற்கே முதலிடம் தருவேன். அது இல்லாதபோது விண்மீன்கள். சூடான வாயு கடைசியில்.

ஒளிரும் மையங்கள்

மையம் கண்கூசும் அளவுக்கு ஒளிரும் சீஃபர்ட் வகைத் திரள்களில் மேற்சொன்னவை கடினம். அங்கே இடத்துக்குப் பதில் காலத்தைப் பிரித்தறியலாம். மையத்தின் ஒளி கூடும்போது, அதைச் சுற்றிலும் விரையும் வாயுவின் ஹைட்ரஜன் கோடு சில நாள் கழித்தே கூடும். அந்தத் தாமதத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் ஆரம். தாமதம் 17 நாள் என்றால் ஆரம் 0.014 பார்செக், கோட்டின் அகலம் வினாடிக்கு 2,000 கிலோமீட்டர் என்றால் நிறை சுமார் 1.3 கோடி. இதை வாயுவின் அமைப்பைக் குறிக்கும் ஒரு காரணியால், வழக்கமாக நான்கு அல்லது ஐந்தால், பெருக்க வேண்டும். பெரிய தொலைநோக்கி தேவையில்லை, மாதக்கணக்கில் இடைவிடாமல் நோக்கும் பொறுமை தேவை. தொலைவு தெரியவேண்டியதில்லை என்பது இதன் அழகு. ஆனால் அந்தக் காரணியின் சராசரி மதிப்பு, தொடக்கத்தில் சொன்ன பரவல்–நிறைத் தொடர்போடு ஒப்பிட்டே பெரும்பாலும் பெறப்படுவதால், இதை முற்றிலும் சுதந்திரமான சான்றாக எண்ணக் கூடாது.

முடிவை எழுதும்போது

எண்ணோடு சேர்த்து, எந்தத் தொலைவை வைத்துக் கணக்கிட்டீர்கள், சாய்வை எப்படிப் பெற்றீர்கள், கரும்பொருளைச் சேர்த்தீர்களா, பிரிதிறனுக்கும் ஆதிக்கக் கோளத்துக்கும் உள்ள விகிதம் என்ன என்பவற்றையும் எழுதுங்கள். மாதிரி பொருத்தும் நிரல் தரும் பிழைக்கோடு, மாதிரியே சரி என்று கொண்டு வந்த பிழைக்கோடு. ஊகங்களை ஒவ்வொன்றாக மாற்றி, நிறை எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து அதைத் தனியே குறிப்பிட வேண்டும். கருந்துளை இல்லாமலே தரவு பொருந்தினால் அதையும் மறைக்காமல் உச்ச வரம்பாக வெளியிட வேண்டும். எம்33 திரளின் மையத்தில் கருந்துளை இருந்தாலும் அது சில ஆயிரம் சூரிய நிறையைத் தாண்ட முடியாது என்று 2001இல் ஹபிள் தரவிலிருந்து எட்டிய முடிவு, இன்றும் எடுத்தாளப்படுகிறது. வாயு, விண்மீன் முறைகளில் நிறை தொலைவுக்கு நேர்விகிதத்தில் மாறுவதால், நீங்கள் எடுத்துக்கொண்ட தொலைவு எழுதப்பட்டிருந்தால் போதும். பின்னர் தொலைவு திருத்தப்படும்போது மற்றவர்கள் உங்கள் எண்ணைத் தாமே திருத்திக்கொள்வார்கள். எம்87இன் 660 கோடி, 17.9 மெகாபார்செக் தொலைவை வைத்துப் பெறப்பட்டது, 16.8 மெகாபார்செக்குக்கு அதை மாற்றினால் சுமார் 620 கோடி, வளையத்தின் 650 கோடியோடு ஒப்பிட வேண்டியது அந்த எண்ணையே.